சேறு குடித்த போரும் முடிச்சுப் போட்ட கயிறும்

கம்ப்ரசர் வண்டிக்காரர் எங்கள் போருக்குள், அதாவது ஆழ்துளைக் கிணற்றுக்குள், குழாயை இறக்கிக் காற்றைத் திறந்துவிட்டார். முதலில் புஸ்ஸென்று காற்று வந்தது, அப்புறம் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் கல்தூள், அதன் பிறகு வந்ததெல்லாம் செம்மண் சேறு. அரைமணி நேரம் அதுதான் பீய்ச்சி அடித்தது. நடுவே மக்கிய இலைத்துணுக்குகள், புல்வேர், ஒரு கோரைக்கிழங்குகூட வந்து விழுந்தது. அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "என்ன தம்பி, 300 அடிக்குக் கீழ கோரை முளைச்சிருக்கு?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதை உள்ளே அனுப்பியவனே நான்தான்.

மழைநீரை மண்ணுக்குள் இறக்கி நிலத்தடி நீரைச் செறிவூட்டுகிறேன் என்று கிளம்பிய முதல் வருடம் நான் செய்த வேலை இது. போரைச் சுற்றிக் குழி தோண்டு, மண் சரியாமல் இருக்கப் போரின் மேல்பகுதியில் இறக்கிய கேசிங் பைப்பில் ஓட்டை போடு, வலையைச் சுற்று, ஜல்லியும் மணலும் கொட்டு, வயலில் ஓடும் மழைத்தண்ணீரை அதற்குள் திருப்பு என்று சொன்னார்கள். அப்படியே செய்தேன். அதுவும் எந்தப் போரில்? இருந்த இரண்டில் ஓடிக்கொண்டிருந்த ஒரே போரில். மழைக்காலம் முடிந்து இரண்டு மாதத்தில் மோட்டார் சேற்றில் இறுகி, உள்ளிருக்கும் கம்பிச்சுருள் கருகிப்போனது. தூக்கிப் பார்த்தால் பம்பின் உள்ளே சக்கரங்கள் எல்லாம் மண் அப்பிக் கிடந்தன. அதற்கு முன்னால் ஒன்றரை இஞ்ச் தண்ணீர் கொடுத்த போர், சுத்தம் செய்த பிறகும் ஒரு இஞ்சைத் தாண்டவில்லை. பாறை இடுக்குகளில் போய் அடைத்த களிமண்ணைக் காற்றடித்தாலும் முழுக்க எடுக்க முடியாது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

தப்பு எங்கே என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இந்தக் கணக்கைக் குழி தோண்டுவதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஒரு ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். ஆக ஒரு சென்டிமீட்டர் மழைக்கு ஒரு ஏக்கரில் 40,000 லிட்டர் விழுகிறது. எங்களுடையது நான்கு ஏக்கர் மேட்டு நிலம். ஒரே நாளில் ஐந்து சென்டிமீட்டர் பெய்தால் எட்டு லட்சம் லிட்டர். அதில் கால்வாசி மண்ணில் இறங்காமல் ஓடிவருகிறது என்று வைத்தாலும் இரண்டு லட்சம் லிட்டர், அதுவும் பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில்.

என் குழியோ எட்டுக்கு எட்டடி, ஆழம் பத்தடி. காலியாக இருந்தால் 18,000 லிட்டர் பிடிக்கும். கல்லையும் ஜல்லியையும் கொட்டிய பிறகு இடைவெளியில் நிற்கும் தண்ணீர் ஏழாயிரத்துச் சொச்சம்தான். இரண்டு லட்சம் லிட்டர் அடித்துக்கொண்டு வரும்போது ஏழாயிரம் பிடிக்கும் குழி என்ன செய்யும்? நிரம்பி வழிந்தது. போகட்டும், வழிந்ததில் நஷ்டமில்லை. அந்த வேகத்தில் வந்த தண்ணீர் கொண்டுவந்த மண்ணெல்லாம் மணலின் மேல் படிந்து ஒரு பங்கு, மணலைத் தாண்டி ஒரு பங்கு என்று கீழே போய்விட்டது. வேகமும் சேறும் வேறு வேறு பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்றுதான். ஓடுகிற தண்ணீர் மண்ணைச் சுமக்கும், நின்ற தண்ணீர் இறக்கி வைத்துவிடும். அதனால் போர் வாயில் செய்ய வேண்டிய வேலையை விட நிலத்தின் தலைமாட்டில் செய்ய வேண்டிய வேலைதான் அதிகம்.

அடுத்த வருடம் கோடையில் மேட்டிலிருந்து ஆரம்பித்தோம். சரிவுக்குக் குறுக்கே, சம உயரத்தில், துண்டு துண்டாகப் பள்ளங்கள். ஒவ்வொன்றும் 12 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். மேல் வரிசையில் இரண்டு பள்ளங்களுக்கு நடுவே இடைவெளி வரும் இடத்தில் கீழ் வரிசைப் பள்ளம் வருகிற மாதிரி. வெட்டிய மண்ணைப் பள்ளத்தின் கீழ்ப்பக்கம் வரப்பாக அணைத்து, அதன் மேல் புல்கரணை நட்டோம். ஒரு பள்ளம் ஒருமுறை நிரம்பினால் சுமார் 750 லிட்டர். மொத்தம் 60 வெட்டினோம். ஒரு மழைக்கு 45,000 லிட்டர் அங்கேயே நிற்கும், மழை விட்டு மறுபடி பெய்தால் மறுபடி நிரம்பும். ஃபில்டர் வேண்டாம், பைப் வேண்டாம், மோட்டார் கெடும் என்ற பயம் வேண்டாம். முதல் வருடம் நான் செலவழித்த காசில் இதை இரண்டு தடவை செய்திருக்கலாம்.

மட்டம் பார்ப்பதுதான் இதில் உயிர். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் நிலம் உண்மையில் சமமாக இருக்காது. நாங்கள் கொத்தனார்கள் பிடிக்கும் டியூப் மட்டத்தை வைத்துத்தான் பார்த்தோம்: கண்ணாடி மாதிரி தெரியும் நீளமான ட்யூபில் தண்ணீர் ஊற்றி, இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர். முதல் நாள் முழுக்கக் கோடு போட்ட பிறகு ட்யூபின் நடுவே ஒரு விரற்கடை அளவு காற்றுக்குமிழி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தோம். குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். அன்றைய வேலை முழுக்க வீண், சுண்ணாம்புக் கோட்டை எல்லாம் அழித்துவிட்டு மறுநாள் முதலிலிருந்து. அப்புறம் ஒவ்வொரு தடவையும் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து, தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தோம். சம உயர வரப்பு மட்டம் தப்பினால் ஆபத்து, ஏனென்றால் தண்ணீர் எல்லாம் தாழ்ந்த மூலைக்கு ஓடி, அங்கே ஒரே இடத்தில் உடைத்துக்கொண்டு போகும். வரப்பே இல்லாமல் இருந்தால்கூட அவ்வளவு மண் போகாது.

உழவையும் சரிவுக்குக் குறுக்கே மாற்றினோம். டிராக்டர்காரர் முணுமுணுத்தார், திருப்பம் அதிகம், டீசல் கூடும் என்று. நியாயம்தான், கூடக் கொஞ்சம் கொடுத்துவிட்டோம். ஆனால் அந்த உழவுச் சால் ஒவ்வொன்றும் ஒரு சின்ன வரப்பு என்பது முதல் மழையிலேயே தெரிந்தது. கீழே வரும் வாய்க்காலில் தண்ணீர் வர முன்பை விட நேரம் பிடித்தது, வந்தபோதும் நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது.

பிறகுதான் போர் பக்கம் போனேன். இந்தத் தடவை வற்றிப்போன போரில், ஓடுகிற போரைத் தொடவே இல்லை. இதை யார் கேட்டாலும் முதலில் சொல்கிறேன்: ஓடிக்கொண்டிருக்கும் போரில் கை வைக்காதீர்கள், பக்கத்தில் கைவிட்ட போர் இருந்தால் அதில் செய்யுங்கள். பாறை இடுக்கில் தொடர்பு இருந்தால் தண்ணீர் தானாக இங்கே வந்து சேரும். தொடர்பு இல்லாவிட்டாலும் சேதமில்லை.

கைவிட்ட போர் தண்ணீர் வாங்குமா என்று முன்கூட்டியே பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஆயிரம் லிட்டர் டேங்க்கில் சுத்தமான தண்ணீரை நிரப்பி, போருக்குள் திறந்துவிட்டு, நேரத்தைப் பாருங்கள். கேசிங் விளிம்பு வரை நிரம்பி நின்று அன்று முழுக்க இறங்காவிட்டால் அந்தப் போரை விட்டுவிடலாம். எங்களுடையது ஒரு டேங்க்கைக் குடிக்க 14 நிமிடம் எடுத்தது. மணிக்கு நாலாயிரத்துச் சொச்சம் லிட்டர். நல்ல கணக்குதான், ஆனால் அந்த இரண்டு லட்சத்துக்கு முன்னால் கொசு. தண்ணீரை மேட்டிலேயே பிடித்துவைத்து மெதுவாக அனுப்பினால்தான் போர் வாங்கும் என்பதை இந்த 14 நிமிடம் அழுத்திச் சொன்னது.

குழியையும் இரண்டாகப் பிரித்தேன். முதலில் வண்டல் தொட்டி, ஆறுக்கு ஆறடி, நாலடி ஆழம், நடுவே ஒரு தடுப்புச் சுவர். தண்ணீர் அதில் விழுந்து, சுற்றி, களைத்து, மேல்மட்டத் தெளிவு மட்டும் அடுத்த குழிக்கு வழியும். அடுத்ததில் அடியில் தலை அளவு கருங்கல், அதன் மேல் பெரிய ஜல்லி, அப்புறம் சின்ன ஜல்லி, மேலே ஒன்றரை அடி பெருமணல். சின்ன ஜல்லிக்கும் மணலுக்கும் நடுவே நைலான் வலையை விரித்திருக்கிறேன். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். வலை இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை மேல்மணலை மட்டும் அள்ளிக் கழுவிப் போடலாம், இல்லாவிட்டால் மணல் ஜல்லிக்குள் இறங்கி மொத்தக் குழியையும் தோண்ட வேண்டும். கேசிங்கில் ஓட்டைகள் அடியில் கருங்கல் இருக்கும் உயரத்தில் மட்டும், அதற்கும் இரண்டு சுற்று வலை. போர் வாய்க்கு மூடி போட்டுப் போல்ட் முறுக்கிவிட்டேன். திறந்து கிடக்கும் போரில் குழந்தைகள் விழுந்த செய்திகளைப் படித்த பிறகும் சாக்கைப் போட்டு மூடி வைப்பவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

வாய்க்கால் தொட்டிக்குள் நுழையும் இடத்தில் ஒரு மடை. வருடத்தின் முதல் இரண்டு மழையை உள்ளே விடுவதில்லை, மடையைத் திருப்பி வெளியே அனுப்பிவிடுகிறோம். அந்தத் தண்ணீரில்தான் தூசி, உரம், மருந்து எல்லாம் கழுவிக்கொண்டு வரும். மண்ணின் வழியாக இறங்கும் தண்ணீரை மண் ஓரளவு வடிகட்டும். போர் வழியாக நேராக விடும்போது அந்தக் காவல் கிடையாது, மேலே அடித்த பூச்சிமருந்து அப்படியே கீழே போய்ச் சேரும், அப்புறம் எடுக்கவும் முடியாது. மாட்டுக்கொட்டகைத் தண்ணீர், சாக்கடை, ஆலைக் கழிவு கலக்கும் ஓடை, இவை எதையும் போர் பக்கம் அண்டவிடக் கூடாது. சுற்றுவட்டத்தில் குடிக்கும் போர் இருந்தால் வயல் தண்ணீரைப் போரில் விடும் யோசனையையே கைவிடலாம். கூரைத் தண்ணீர் போதும், அதுதான் இருப்பதில் சுத்தம்.

திறந்த கிணறு இருந்தால் வேலை இன்னும் சுலபம். வண்டல் தொட்டியிலிருந்து வழியும் நீரைப் பைப் வைத்துக் கிணற்றுக்குள் விடலாம், ஆனால் பைப்பைச் சுவரோரம் முடிக்காமல் நடுக்கிணறு நோக்கி நீட்டிவிட வேண்டும். சுவரில் பட்டு வழிந்தால் இரண்டு மழையில் சுவர் சரியும். குஜராத்தின் சௌராஷ்டிராவில் 1980களின் நடுவில் தொடர்ந்து வறட்சி வந்த பிறகு விவசாயிகள் ஊர் ஊராகச் செய்தது கிட்டத்தட்ட இதுதான், மழைநீரைத் தங்கள் கிணறுகளுக்குத் திருப்பினார்கள்.

பண்ணைக்குட்டை பற்றி ஒரு வார்த்தை. அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரித்த குட்டை சேமிக்கும், செறிவூட்டாது. ஒரு சொட்டு கீழே போகாது. ஷீட் போட்ட குட்டையில் போர் தண்ணீரை ஏற்றி வெயிலில் ஆவியாக விடுபவர்களையும் பார்த்திருக்கிறேன், அது செறிவூட்டலுக்கு நேர் எதிர். ஷீட் போடாத கசிவுக் குட்டை வேறு. அதில் இரண்டு மூன்று மழைக்காலத்தில் அடியில் நைஸான களிமண் ஏடு மாதிரி படிந்து ஓட்டையை அடைத்துவிடும். காய்ந்த பிறகு அதைச் சுரண்டி வயலில் போட்டால் குட்டைக்கும் நல்லது, வயலுக்கும் நல்லது. கரிசல் மாதிரி களி கூடிய நிலத்தில் குட்டை வெட்டிக் கசியும் என்று காத்திருப்பது வீண். நிலத்தடி நீர் ஏற்கெனவே ஒன்றிரண்டு மீட்டரில் நிற்கிற இடத்திலும் இதெல்லாம் வேண்டாம், வேர் அழுகும்.

சரி, பலன் கிடைத்ததா? இதற்குப் பதில் சொல்லத்தான் கயிறு. நைலான் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு, பத்தடிக்கு ஒரு சிவப்புத் துணி, நுனியில் ஒரு கல். திங்கள்கிழமை காலை மோட்டார் போடுவதற்கு முன்னால் எங்கள் நிலத்துக் கிணற்றில் இறக்கி, கல் தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டதும் முடிச்சை எண்ணி நோட்டில் எழுதுவேன். மோட்டார் ஓடிய பிறகு அளந்தால் அளவு பயன்படாது, இறைத்த இடத்தில் தண்ணீர் குழிந்து நிற்கும்.

முதல் வருட நோட்டைப் பார்த்துத் துள்ளிக் குதித்தேன். ஒரு பெரிய மழைக்குப் பிறகு மட்டம் ஒன்பது அடி ஏறியிருந்தது. அப்புறம்தான் பாறைக் கணக்கு புரிந்தது. கடினப் பாறைப் பகுதியில், மக்கிய பாறை ஒரு 100 லிட்டர் கனஅளவு இருந்தால் அதிலிருந்து வடியக்கூடிய தண்ணீர் ஒன்றிலிருந்து மூன்று லிட்டர்தான். ஆற்று மணல்படுகையில் பத்து லிட்டருக்கு மேல் இருக்கும். இரண்டு லிட்டர் என்று வைத்தால், 20 மில்லிமீட்டர் தண்ணீர் உள்ளே இறங்கினாலே கிணற்றில் ஒரு மீட்டர் ஏறிவிடும். ஏறுவதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, அதே கணக்கில் இறைத்தால் அதே வேகத்தில் இறங்கும். சின்னப் பாத்திரம், சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் காலியாகும்.

அதோடு மழை நன்றாகப் பெய்த வருடத்தில் யார் கிணறும் ஏறும், என் பள்ளத்தால் ஏறியது என்று எப்படிச் சொல்வது? அதனால் இதே சரிவில், கொஞ்சம் தள்ளி மேலே, எந்த வேலையும் செய்யாத ஒரு கிணற்றையும் கேட்டுக்கொண்டு அளக்க ஆரம்பித்தேன். மூன்று வருட நோட்டை ஒப்பிட்டால், மழைக்காலத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே ஏறுகின்றன. வித்தியாசம் கோடையில்தான். அந்தக் கிணறு அடி தட்டிய பிறகும் எங்களுடையதில் ஐந்தாறு வாரம் தண்ணீர் நிற்கிறது. அவ்வளவுதான். ஆனால் பயிர் காய்ப்பிடிக்கும் நேரத்தில் ஐந்து வாரம் என்றால் என்னவென்று மானாவாரி நிலம் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஐந்து வாரத்தையும் ஒருமுறை நானே கெடுத்துக்கொண்டேன். கிணறு ததும்பியதைப் பார்த்த மயக்கத்தில் இரண்டாவது வருடம் ஒரு ஏக்கரில் கரும்பு போட்டேன். சொட்டுநீர்தானே, தண்ணீர் மிச்சமாகும் என்று எனக்கு நானே சமாதானம். மிச்சமான தண்ணீரைக் கூடுதல் நிலத்துக்கு விட்டால் அது எப்படி மிச்சம்? கோடையின் நடுவிலேயே கயிறு அடிமண்ணைத் தொட்டது. மகாராஷ்டிராவின் ஹிவ்ரே பஜாரில் பள்ளமும் தடுப்பணையும் கட்டியதோடு நிறுத்தவில்லை, பாசனத்துக்குப் போர் போடக் கூடாது என்று ஊரே முடிவெடுத்தது, அந்த வருடம் பெய்த மழையை அளந்து கிராம சபையில் உட்கார்ந்து எந்தப் பயிர் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தார்கள். பள்ளத்தை நகலெடுக்கிறோம், கணக்கை விட்டுவிடுகிறோம். நானும் அதைத்தான் செய்திருந்தேன்.

இன்னொன்று, உள்ளே அனுப்பிய தண்ணீரில் என் பெயர் எழுதியிருக்காது. என் பள்ளங்களால் முதலில் ஊறியது என் கிணறு இல்லை, சரிவில் கீழே இருக்கும் பக்கத்து நிலத்துக் கிணறு. அந்த அண்ணன் வந்து, "தம்பி, நீ குழி வெட்டின, எனக்கு ஊத்து திறந்துச்சு" என்று சந்தோஷமாகச் சொன்னபோது உள்ளுக்குள் எனக்கு எரிந்தது, பொய் சொல்வானேன். மறுவாரமே அவர் மோட்டாரைப் பெரிதாக மாற்றப் போகிறார் என்று கேள்விப்பட்டு நேரே போய்விட்டேன். சண்டை போடத்தான் போனேன். நோட்டைக் காட்டினேன். அவர் மோட்டார் ஓடிய மறுநாள் காலை என் கிணற்றில் எத்தனை முடிச்சு இறங்கியிருக்கிறது, என் மோட்டார் ஓடினால் அவருக்கு என்ன ஆகும் என்று இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தோம். கடைசியில் ஒருநாள் விட்டு ஒருநாள் இறைப்பது என்று பேசிக்கொண்டோம், மோட்டார் மாறவில்லை. இப்போது அவர் நிலத்தின் மேல்வரப்பிலும் 20 பள்ளம் இருக்கிறது, ஓடையோரம் இருவரும் சேர்ந்து கல்லடுக்கி இரண்டு சின்னத் தடுப்பு வைத்திருக்கிறோம்.

போன வருடம் அவரும் ஒரு கயிறு கட்டிக்கொண்டார். முடிச்சைத் தன் முழங்கையால் முழம் முழமாக அளந்து போட்டிருக்கிறார், என்னுடையது அடிக்கணக்கு. திங்கள்கிழமை காலையில் வரப்பில் நின்று "எத்தனை?" என்று கேட்டால் அவர் 18 என்பார், நான் 27 என்பேன், அப்புறம் ஒரு கால்மணி நேரம் அதுவும் இதுவும் ஒன்றா இல்லையா என்று பேசிக்கொண்டிருப்போம். அவர் கயிற்றை அடிக்கு மாற்றச் சொல்லிப் பார்த்துவிட்டேன். முடியாதாம். என்னைத்தான் மாற்றச் சொல்கிறார்.